முப்பது ஆம்ப் மூடநம்பிக்கை

முடிச்சூர் சாலையானாலும் சரி, கிழக்குத் தாம்பரத்து வேளச்சேரி சாலையானாலும் சரி, பைக்குக்கு ஃபாக் லைட் மாட்டித் தரும் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்த வசனம் காதில் விழும்: “பத்து ஆம்ப் தாங்கலண்ணா, முப்பது போட்டுட்டேன். இனிமே போகவே போகாது.” வண்டிக்காரரும் நிம்மதியாகக் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார். போகவே போகாத ஃபியூஸ் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

இது பைக்கோடு வந்த நம்பிக்கை அல்ல. வீட்டில் பீங்கான் ஃபியூஸ் கேரியர் இருந்த காலத்திலேயே, கம்பி உருகினால் ஏதாவது ஒரு வயரிலிருந்து நாலைந்து செம்பு இழைகளை உருவி, முறுக்கிச் செருகியவர்கள்தான் நாம். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி ஓட்டப்படும் பைக் ஃபியூஸ் அதன் வாரிசு. ஃபியூஸ் விளக்குக்கான காவல், காவல் பலமாக இருந்தால் நல்லதுதானே என்பது கணக்கு.

கணக்கே தப்பு. ஃபியூஸ் காப்பது விளக்கை அல்ல, வயரை. தலா 20 வாட் எல்இடி இரண்டு மாட்டினால் 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்ப்கூட இழுக்காது. அதற்கு 5 ஆம்ப் ஃபியூஸ் தாராளம். மலிவான வயரிங் கிட்டில் வரும் 0.5 சதுர மில்லிமீட்டர் வயரும் அதைச் சுலபமாகச் சுமக்கும். ஆனால் ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் அந்த வயர் உரசி, தோல் கிழிந்து, சேஸிஸைத் தொட்டால்? 20 ஆம்ப் ஓடினாலே மீட்டருக்குச் சுமார் 15 வாட் சூடு. இரண்டு மீட்டர் வயர் சேர்ந்தால் 25 வாட் சால்டரிங் அயனைவிட அதிகம். அந்த வயர் போவது பெட்ரோல் டேங்குக்கு அடியில்.

அப்போது பச்சை நிற 30 ஆம்ப் ஃபியூஸ் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. 30 ஆம்ப் வந்ததும் உருகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பிளேடு ஃபியூஸுக்கான தர அளவுகோலின்படி, குறித்த அளவுக்குப் பத்து சதவீதம் கூடுதலாகப் போனாலும் அது நூறு மணி நேரம் தாங்க வேண்டும். 35 சதவீதம் கூடினால் உருகுவதற்குப் பத்து நிமிடம்வரை எடுத்துக்கொள்ளலாம். அதாவது 40 ஆம்ப் ஓடும்போதும் அது ஆற அமர யோசிக்கும். அதற்குள் வயரின் தோல் புகைந்திருக்கும்.

“ரிலே போட்டிருக்கேன் சார்” என்பது அடுத்த சமாதானம். ரிலே வெறும் ஸ்விட்ச். ஷார்ட் ஆனால் அதற்குத் தெரியாது.

சரி, தனி ஃபியூஸ் பாக்ஸே வாங்கலாம் என்று கிளம்புகிறவரையும் அதே பேய் விடுவதில்லை. புதுப்பேட்டையிலோ ஜிபி ரோட்டிலோ அட்டையில் ‘100 ஆம்ப்’ என்று போட்ட பன்னிரண்டு வழிப் பெட்டியைப் பார்த்ததும் கை நீள்கிறது. அந்த எண், பெட்டியின் உலோகம் தாங்கும் அளவு. உங்கள் பைக்கின் சார்ஜிங் காயில் அவ்வளவு தராது. பெட்டி மின்சாரத்தை உற்பத்தி செய்யாது. நாலு அல்லது ஆறு வழி போதும். சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் வரும்படி ஒரு ரிலே, எர்த் வயர்களைச் சேர்க்க ஒரு பொதுத் தகடு, ரப்பர் வாஷர் வைத்த மூடி: இவைதான் பார்க்க வேண்டியவை. மெயின் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதன் ஆம்ப், மெயின் வயரின் தடிமனைப் பார்த்து. ஹாரனுக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, மொபைல் சார்ஜருக்கு ஒன்று. பக்கத்து ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு தயாரிக்கும் வண்டிகளிலும் ஃபியூஸ்கள் இப்படிப் பிரித்துத்தான் வருகின்றன.

மூடியை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் நம் ஊர் மழை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் 2015 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம் வேண்டாம், ஐப்பசி மழையில் நாலு நாள் நனைந்தாலே திறந்த பெட்டியின் காலில் பச்சைக் களிம்பு பூக்கும். களிம்பு பூத்த இடத்தில் தொடர்பு தளர்ந்து, சரியான அளவு கரண்ட் ஓடும்போதே சூடேறிப் பிளாஸ்டிக் இளகும். ஃபியூஸ் அப்படியே இருக்கும்! ஆகவே சீட்டுக்கு அடியில், உயரமான இடத்தில் வையுங்கள்.

மெக்கானிக்கை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். ஃபியூஸ் போனதென்று திரும்பி வரும் வாடிக்கையாளர் அவரைத்தான் ஏசுகிறார். உரசும் வயரைத் தேடும் ஒரு மணி நேரத்துக்குக் கூலி தரச் சொன்னால் முகம் சுளிக்கிறார். முப்பது ஆம்ப் அந்த ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

அந்தக் கூலியைக் கொடுங்கள். வயர் எங்கே உரசுகிறதென்று கண்டுபிடிக்கும்வரை ஃபாக் லைட் எரியாமலே கிடக்கட்டும்.