மாப்பிள்ளை கட்டாரில், மனைவி கிண்ணியாவில்: வரிக்கு இரண்டு பேர்



கிண்ணியா, மூதூர், ஜமாலியா என்று நம்ம பக்கம் எந்தத் தெருவிலும் மாப்பிள்ளை கட்டாரிலோ சவூதியிலோ இருக்கிற வீடு நாலைந்து இருக்கும். வரி என்று பேச்சு வந்தால் ஒரே பதில்தான்: "அவர் வெளிநாட்டில, எங்களுக்கு வரி இல்ல." அந்த "எங்களுக்கு" என்ற சொல்லில்தான் பிழை.

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் சேர்த்து ஒரு கணக்கு கிடையாது. அவர் ஓர் ஆள், இவர் ஓர் ஆள். அவர் இங்கே வதியாதவர் என்றால் வளைகுடாச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. ஆனால் திருகோணமலை டவுனில் அவர் பெயரிலுள்ள கடையின் வாடகை இலங்கை வருமானம். எங்கே இருந்தாலும் அது கணக்கில் வரும். இங்கேயே இருக்கிற மனைவியோ எப்போதும் வதிபவர்தான்.

இது நமக்குப் புதிதா? ஸகாத்தில் அவளுடைய நகைக்கு அவளுடைய நிஸாப், அவனுடைய காசுக்கு அவனுடைய நிஸாப். மஹரும் அவளுக்கே சொந்தம். அதைச் சரியாகப் பிரிக்கிற நாம் வரியில் மட்டும் குழப்பிக்கொள்கிறோம்.

நட்டப்படுவது பெரும்பாலும் பெண்கள்தான். மாப்பிள்ளை அனுப்புகிற செலவுக் காசு மனைவியின் வருமானம் அல்ல. ஆனால் அவள் பெயரில் போட்ட நிலையான வைப்பின் வட்டி அவளுடைய வருமானம். 2025 ஏப்ரல் முதல் வங்கி அதில் 10 வீதம் பிடிக்கிறது, முன்பு 5 வீதம். வட்டி வேண்டாமென்று முழாரபாக் கணக்கில் போட்டவர்களின் இலாபப் பங்கிலும் பிடிபடும். வருடத்துக்கு 18 இலட்சம் வரை வரிவிலக்கு. அதற்குள் மொத்த வருமானம் உள்ளவர் வங்கியில் சுய பிரகடனம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். 20 இலட்சம் வைப்புக்கு 8 வீதம் என்று வைத்தால் வருமானம் 160,000. பிரகடனம் கொடுக்காததால் போவது 16,000 ரூபா. ஒரு பிள்ளையின் பல மாத டியூஷன் காசு அது!

முற்றாகத் திரும்பி வருகிற வருடம்தான் சிக்கலானது. "ஒக்டோபர்ல வந்தன், மார்ச் 31க்குள்ள 183 நாள் ஆகல்ல" என்கிறார்கள். சட்டம் ஏப்ரலிலிருந்து மார்ச் வரை மட்டும் எண்ணவில்லை. அந்த வரி வருடத்துக்குள் தொடங்குகிற அல்லது முடிகிற எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 183 நாள் இருந்தாலே அவர் வதிபவர். அதுவும் ஒரு வழிதான். நிரந்தரமாக இங்கே வசிப்பவரிடம் நாள் கேட்பதே இல்லை. வதிபவர் என்றால் வெளிநாட்டு வருமானமும் கணக்கில் வரும். வங்கி வழியாக வந்த அந்நியச் செலாவணிக்கு 2025 ஏப்ரல் முதல் உச்ச வீதம் 15. உண்டியலில் வந்த காசுக்கு அந்தச் சலுகையைக் கேட்க வழியில்லை.

திணைக்களம் இதையெல்லாம் ஒரு பக்கத் துண்டறிக்கையாக நல்ல தமிழில் பிரதேச செயலகங்களில் வைத்திருக்க வேண்டும். அதுவரை பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஜும்ஆவுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்கலாம். பெண்களுக்குத் தனியாக ஒரு வகுப்பும் வையுங்கள். நம்ம ஊரில் கணக்காளர்கள் இல்லாமலில்லை.

வருமான அறிக்கைக்குக் கடைசி நாள் நவம்பர் 30. சகோதரிகளே, உங்கள் பெயரில் டின் இலக்கம் எடுங்கள். அதில் மாப்பிள்ளையின் கட்டார் நம்பரை அல்ல, உங்கள் நம்பரையே கொடுங்கள். அவர் வந்து போன முத்திரைகள் உள்ள பாஸ்போட் பக்கங்களையும் ஒரு கொப்பி எடுத்து வையுங்கள்.