வெண்மையும் பசுமையும்

சுவருக்கு வெண்மையே சிறந்த நிறம் என்பர் பலர். வெண்சுவர் ஒளியைப் பெருக்கும். சிறு மாசையும் காட்டிக்கொடுக்கும். அதனாலன்றோ மருத்துவமனைகளின் அறுவைக்கூடங்களும் முன்பு வெண்ணிறமாகவே விளங்கின! ஆயினும், அங்கு அந்நிறமே இடர் விளைத்தது. செங்குருதியை நெடுநேரம் கூர்ந்து நோக்கிய மருத்துவர் தலைநிமிர்ந்து வெண்சுவரைக் கண்டால் கண் கூசும். பச்சை நிறப் போலித் தோற்றங்கள் அதன்மேல் மிதக்கும். மீண்டும் குனிந்தால் பார்வை தெளியச் சிறிது நேரம் ஆகும். அந்நேரத்தில் கத்தி வழுவினால் நோயாளியின் உயிர் என்னாவது?

1914ஆம் ஆண்டில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், ஹாரி ஷெர்மன் என்னும் அறுவை மருத்துவர் தம் கூடத்திற்குப் பச்சை நிறம் தீட்டச் செய்தார். சிவப்பிற்கு எதிர்நிறம் பச்சை. ஆதலின், பசுஞ்சுவர் கண்ணுக்கு ஓய்வளித்தது. போலித் தோற்றங்களும் அதில் கலந்து மறைந்தன.

இதனால் வெண்மை தாழ்ந்தது என்பதன்று. ஒளி குறைந்த வகுப்பறைக்கு வெண்மையே துணை. மாணவர்களே! நிறத்தின் சிறப்பு அதன் அழகில் மட்டும் இல்லை. அறையில் நிகழும் தொழிலுக்கு உதவுவதிலேயே உள்ளது. சுவரைத் தீட்டுமுன், அங்கு உழைக்கும் கண்களை எண்ணிப் பாருங்கள்.