அத்தையும் சிவப்பு மருந்தும்

ஆஸ்பத்திரியில் எல்லாவற்றுக்கும் போர்டு இருக்கிறது. செருப்பை இங்கே விடவும், சத்தம் போடாதீர்கள், பணத்தை அந்த கவுன்ட்டரில் கட்டவும். 'அடுத்து உங்களுக்கு இன்னின்னதெல்லாம் நடக்கும்' என்று மட்டும் ஒரு போர்டு கிடையாது. கேன்சர் வார்டில் அதைத்தான் முதலில் மாட்ட வேண்டும்.

என் அத்தைக்கு மார்பில் கட்டி. பயாப்ஸி என்றதுமே சொந்தங்கள் கூடி, "ஊசி குத்தினா பரவிடுமாமே?" என்றன. அந்த பயமே வேண்டாம், குத்திப் பார்க்காமல் என்ன ரகம் என்று தெரியாது, ரகம் தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது என்றார் டாக்டர். நான் பி.காம். வவுச்சர் இல்லாமல் கணக்கு எழுதாதே என்று படித்தவன். உடனே புரிந்துவிட்டது.

ரிசல்ட் மறுநாளே வராது. ஹார்மோன், ஹெர்-2 என்று மேற்கொண்டு டெஸ்ட்டுகள் முடிய ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். லேட்டானால் கெட்ட செய்தி என்று அர்த்தமில்லை. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் மாமா மூன்று ஜோசியர்களைப் பார்த்திருக்க மாட்டார்.

அப்புறம் பெட் ஸ்கேன். ஆறு மணி நேரம் பட்டினி. சர்க்கரை மாதிரி ஒரு பொருளில் துளி கதிரியக்கம் சேர்த்து ஊசி போடுகிறார்கள். கேன்சர் செல்கள் அதை அள்ளி விழுங்கிப் படத்தில் பளிச்சென்று மாட்டிக்கொள்ளும். (அதற்காக, சர்க்கரையை நிறுத்தினால் கேன்சர் பட்டினியில் செத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.) ஊசிக்குப் பிறகு சுமார் ஒரு மணி நேரம் ஆடாமல், பேசாமல் படுத்திருக்க வேண்டும். பேசினால் தொண்டைத் தசையும் படத்தில் மின்னுமாம். அத்தை ஒரு மணி நேரம் பேசவில்லை. "இதை வாராவாரம் எடுக்கலாமா டாக்டர்?" என்று கேட்டார் மாமா.

சிரிப்பு அதோடு சரி. முதல் கீமோவில் டாக்ஸோரூபிசின் ஏற்றினார்கள். ரோஸ்மில்க் நிறம். வீட்டுக்கு வந்து பாத்ரூம் போன அத்தை, சிறுநீர் சிவப்பாகப் போவதைப் பார்த்துவிட்டு யாரிடமும் மூச்சு விடவில்லை. விடியும் வரை பூஜை அறையில் உட்கார்ந்திருந்தாள். காலையில் இரண்டு மருமகள்களையும் கூப்பிட்டு ஆளுக்கு இரண்டு வளையல் கழற்றிக் கொடுத்தபோதுதான் விஷயமே தெரிந்தது. போன் செய்தால், "மருந்தோட கலர்தாம்மா, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்கிறார் நர்ஸ். இந்த ஒரு வரியை முந்தின நாள் சொல்லியிருந்தால் ஒரு மனுஷி தனியாக ஒரு ராத்திரி செத்திருக்க மாட்டாள்.

முடி கொட்டும் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு, மூன்று வாரத்தில் ஆரம்பிக்கும். சிகிச்சை முடிந்ததும் பெரும்பாலும் வளர்ந்துவிடும். நிஜமாகப் பயப்பட வேண்டியது காய்ச்சலுக்கு. கீமோ போட்டு ஏழு முதல் பதினாலு நாளுக்குள் வெள்ளை அணுக்கள் ரொம்பக் குறையும். அந்தச் சமயம் 100.4 டிகிரி ஏறினால், பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. நடுராத்திரியானாலும் ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.

இப்போது அத்தை நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறாள். கேள்வி இடது பக்கம், பதில் வலது பக்கம் (என் ஐடியா, டெபிட்-கிரெடிட்). ஐந்தாவது கீமோ வருகிற வியாழக்கிழமை. மருந்து மாறுகிறது, பாக்ளிடாக்ஸெல், நிறமே கிடையாது, விரல் நுனி மரத்துப் போகலாம் என்று கேட்டு எழுதிவிட்டாள்.

"டேய், வளையலைத் திரும்பக் கேட்டா தப்பா நினைப்பாளுங்களா?" என்று என்னிடம் கேட்டாள். அதற்கு மட்டும் வலது பக்கம் காலியாக இருக்கிறது.