ஆட்டு மந்தைகளுக்குத் தொற்றுநோய்ப் பரிசோதனை கோரும் மனு

அனுப்புநர்:
ஆடு வளர்ப்போர் சங்கத்தினர்,
திண்டுக்கல் வட்டாரம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
திண்டுக்கல்.

நகல்: மண்டல இணை இயக்குநர் அவர்கள், கால்நடை பராமரிப்புத் துறை, திண்டுக்கல்.

பொருள்: தடுப்பூசியோடு மந்தைப் பரிசோதனையையும் முறைப்படுத்த வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாக 1987இல் விழுப்புரம் பகுதியிலுள்ள அரசூரில் கண்டறியப்பட்டது. அங்கே பிரித்தெடுத்த நச்சுயிரியைக் கொண்டே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசி உருவாக்கியது. ஒருமுறை போட்டால் மூன்றாண்டுக்குக் குறையாமல் காக்கும் ஊசி அது. அப்படியிருந்தும் நோய் இன்னும் ஒழியவில்லை. குட்டிகள் ஆண்டு முழுவதும் பிறந்துகொண்டே இருக்கின்றன. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி மூன்று, நான்கு மாதங்களில் குறைந்துவிடுகிறது. ஊசி முகாம் வருவதற்குள் பல ஆடுகள் கைமாறிப் போகின்றன. ஊசி போட்ட ஆடு எது, போடாதது எது என்று சந்தையில் பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆகவே, தடுப்பூசி இருந்தால் மட்டும் போதாது, நோய் எந்தப் பட்டியில் இருக்கிறது என்று தேடிப் பார்க்கும் ஏற்பாடும் வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கையின் சாரம்.

வியாழக்கிழமைதோறும் கூடும் அய்யலூர்ச் சந்தையை எடுத்துக்கொள்வோம். திருச்சி நெடுஞ்சாலையில் இருப்பதால் பல ஊர் ஆடுகள் அங்கே ஒரே திடலில் கலக்கின்றன. பண்டிகை நெருங்கினால் நெரிசல் பன்மடங்காகிறது. ஆட்டுக்கொல்லி தொற்றிய ஆட்டுக்கு அறிகுறி தெரியப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு நாள் ஆகும். வியாழனன்று பல்லைப் பார்த்து, முதுகைத் தடவி, குறையில்லை என்று வாங்கிய ஆட்டுக்கு, அடுத்த செவ்வாய், புதனுக்குள் காய்ச்சல் கண்டு, கண்ணில் பீளையும் மூக்கில் சளியும் ஒழுகி, ஈறில் புண் வந்து, கழிச்சல் பிடிக்கும். அதற்குள் அது புதுப் பட்டியில் மற்ற ஆடுகளோடு ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்திருக்கும். தொற்றுள்ளது எனத் தெரிந்த விலங்கைச் சந்தைக்குக் கொண்டுவரக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம். ஆனால் தெரிந்தால்தானே தடுக்க முடியும்? அந்தத் தெரிதலைப் பரிசோதனைதான் தர முடியும்.

இன்னொரு நோய் மனிதரையும் தாக்குவது. சினை ஆடுகள் குட்டி வீசுவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் புருசெல்லா கிருமி, வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுப்பவர்களுக்கும், காய்ச்சாத பால் குடிப்பவர்களுக்கும் தொற்றி, விட்டுவிட்டு வரும் காய்ச்சலாகவும் மூட்டுவலியாகவும் நீடிக்கும். மத்திய அரசின் திட்டத்தில் இதற்கான தடுப்பூசி கிடேரிக் கன்றுகளுக்குத்தான் போடப்படுகிறது. வெள்ளாடுகள் அதில் இல்லை. எனவே வெள்ளாட்டைப் பொறுத்தவரை கண்டறிந்து பிரிப்பதே முதன்மையான காப்பு. முதல்கட்டச் சோதனையும் கடினமானதல்ல: கழுத்து நரம்பில் எடுத்த இரத்தத்திலிருந்து பிரித்த ஒரு துளி தெளிநீரை, ரோஸ் பெங்கால் என்னும் இளஞ்சிவப்புச் சாயமேற்றிய, கொன்ற புருசெல்லா கிருமிகள் கொண்ட கரைசலின் ஒரு துளியோடு கலந்து அசைத்தால், நான்கு நிமிடத்தில் திரிகிறதா இல்லையா என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். திரிந்தால் ஆய்வகத்தில் உறுதிசெய்துகொள்ளலாம்.

செலவு தாங்காது என்பது முதல் ஆட்சேபம். ஒவ்வோர் ஆட்டையும் சோதிக்க நாங்கள் கேட்கவில்லை. பெரிய மந்தையில் ஐந்தில் ஒரு பங்கு ஆடுகளுக்குத் தொற்று இருந்தால், பொறுக்கி எடுக்காமல் பரவலாக எடுத்த 14 ஆடுகளைச் சோதித்தாலே ஒன்றாவது அகப்பட 95 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஊசி போட்ட ஆட்டின் இரத்தத்திலும் எதிர்ப்பொருள் காணப்படுமே, அதில் நோயை எப்படி அறிவது என்பது இரண்டாவது. நியாயமான கேள்வி. ஊசி பிடித்ததா என்று பார்க்க இரத்தத்தையும், நோய் இருக்கிறதா என்று பார்க்க மூக்கு, கண் கசிவையும் சோதிப்பதே இதற்கு விடை. சோதனை என்றால் வளர்ப்போர் ஆட்டை மறைப்பார்கள் என்பது மூன்றாவது. இழப்பை அவர்கள் தலையிலேயே கட்டினால் மறைக்கத்தான் செய்வார்கள். பறவைக் காய்ச்சலில் அழிக்கும் கோழிகளுக்கு மத்திய, மாநில அரசுகள் இழப்பீடு தருவதால்தான் பண்ணையாளர்கள் தகவல் சொல்ல முன்வருகிறார்கள். அதே நியாயம் நாலு ஆடு வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கும் பொருந்தும்.

இது நடக்கக்கூடியதா என்ற ஐயத்துக்கு மாட்டு வெக்கை நோயே சான்று. ஆட்டுக்கொல்லியின் நெருங்கிய உறவான அந்த நோயை ஊசியால் அடக்கி, பின் ஊசியை நிறுத்தி, ஊர் ஊராகத் தேடிப் பார்த்து, இல்லை என நிறுவிய பிறகே 2006இல் இந்தியாவும் 2011இல் உலகமும் விடுபட்டதாக அறிவிக்கப்பட்டன. ஆட்டுக்கொல்லியை 2030க்குள் ஒழிக்க உலக நாடுகள் இலக்கு வைத்துள்ளன. தேடாமல் அந்த இலக்கை எட்ட முடியாது.

ஆகவே நாங்கள் வேண்டுவன:

1. அய்யலூர் உள்ளிட்ட சந்தைகளில் சந்தை நாளன்று கால்நடை மருத்துவர் ஆய்வும், ஐயத்துக்குரிய ஆடுகளிடமிருந்து மாதிரி சேகரிப்பும் நடைபெற வேண்டும்.

2. இனப்பெருக்கக் கிடாக்களுக்கும் குட்டி வீசிய மந்தைகளுக்கும் புருசெல்லா பரிசோதனை கட்டணமின்றிச் செய்யப்பட்டு, முடிவு ஒரு வாரத்துக்குள் உரியவருக்கு எழுத்தில் தரப்பட வேண்டும்.

3. தடுப்பூசி போட்ட ஆடுகளுக்குக் காதுவில்லை பொருத்தி, ஊசி அட்டை வழங்க வேண்டும்.

4. வாங்கிய ஆட்டை 21 நாள் தனியே கட்டும் பழக்கத்தை ஊராட்சிதோறும் விளக்க வேண்டும்.

5. தொற்று உறுதியாகி அரசு ஆணைப்படி அழிக்கப்படும் ஆடுகளுக்குச் சந்தை மதிப்பையொட்டி இழப்பீடு வழங்க, அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

மாதிரி எடுக்கும் நாளில் ஆடுகளைப் பட்டியிலேயே நிறுத்திப் பிடித்துக் கொடுக்கவும், நோய் தெரிந்தால் மறைக்காமல் தெரிவிக்கவும் எங்கள் உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டுள்ளனர். சந்தைப் பரிசோதனையை வரும் பண்டிகைக் காலத்துக்கு முன்பே தொடங்க ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்க நிர்வாகிகளும் உறுப்பினர்களும்.