மேயாத நிலம் யாரிடம் இருக்கிறது?

'மண்ணுக்கு ஓய்வு கொடுங்கள்' என்கிறார்கள். நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரி, ஒன்றில் மாட்டை மேயவிட்டு அடுத்ததற்கு ஓட்டு, கடித்த புல் தழைத்த பிறகு திரும்பி வா. சுழற்சி மேய்ச்சலாம். விஞ்ஞானம் சரிதான். கடித்த புல்லையே திரும்பத் திரும்பக் கடித்தால் வேர் சுருங்கும், மண் இறுகும், மழைத்தண்ணி உள்ளே இறங்காமல் ஓடிப்போகும். யார் மறுத்தது?

ஆனால் மேய்ந்த இடம் ஓய்வெடுக்க மேயாத இடம் ஒன்று வேண்டுமே அய்யா! சேரியில் அது யாரிடம் இருக்கிறது? ரெண்டு வெள்ளாடு, ஒரு கறவை. காலையில் ஏரிக்கரை, சாயங்காலம் ரோட்டோரம். மேய்க்கால் புறம்போக்கை வளைத்துக் கரும்பு போட்டவன்தான் 'சேரி ஆடு கரையை அழிக்குது' என்று பஞ்சாயத்தில் பேசுகிறான்.

இது வெளிநாட்டுச் சரக்கும் அல்ல. அறுத்த வயலில் ராத்திரிக்கு ஆட்டுக்கிடை போடுவதும், மறுநாள் பட்டியை நகர்த்திப் போடுவதும் நம்மூரில் பழசு. 'ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்' என்பது கருத்தரங்கில் பிறந்த பேச்சா? (எருக்கூடை யார் தலையில் இருந்தது என்று எந்தக் கருத்தரங்கும் கேட்பதில்லை.)

நான் வங்கிக் குமாஸ்தா. விவசாயக் கடன் என்று வருகிறவரிடம் சிட்டா, அடங்கல் கேட்பது என் பிழைப்பு. வாய்வார்த்தைக் குத்தகைக்காரரிடம் என்ன இருக்கும்? ஒரு பெரியவர் சொன்னார்: "கிடை போட்டு, எரு அடிச்சு, மூணு வருஷத்துல மண்ணைத் தேத்துனேன் சார். வெளைய ஆரம்பிச்சதும் 'இனி நானே பாத்துக்கறேன்'னுட்டாரு. வேற கொல்லை பாத்திருக்கேன், கடன் குடுங்க." காகிதம் இல்லை. நான்தான் திருப்பி அனுப்பினேன். மண் தேறியது, தேற்றியவர் தெருவில் நின்றார்.

காகிதத்தோடு கொடுத்த நிலம் மட்டும் என்ன ஆயிற்று? செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் நம் நிலைமையை அறிக்கையாக எழுதினார். 1892-இல் அரசாணை வந்தது. பஞ்சமருக்கு நிலம், 10 வருஷம் விற்கக் கூடாது, அப்புறமும் பஞ்சமருக்கு மட்டுமே கைமாறலாம். காரணையில் அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள்.

தோழர்களே, அடுத்த மண்வளக் கூட்டத்துக்கு யாராவது அழைத்தால் போங்கள். போகும்போது அந்த ஊர் 'ஏ' பதிவேட்டின் நகலைக் கையில் எடுத்துப் போங்கள். பஞ்சமி சர்வே எண்களில் இப்போது யார் கிடை போடுகிறான் என்று மைக்கிலேயே படித்துக் காட்டலாம்.