நட்ட கணக்கும் தழைத்த கணக்கும்

சமூகப் பணிக்கு அங்கீகாரம் கிடைத்தால் பல்கலைக்கழகங்கள் ஊருக்குள் இன்னும் ஆழமாக இறங்கும் என்ற நம்பிக்கை இன்று எங்கும் பரவிக் கிடக்கிறது. அமெரிக்காவில் கார்னகி வகைப்பாடு 2006 முதல் சமூகப் பணிக்கான முத்திரையைக் குத்துகிறது. 2019இல் டைம்ஸ் உயர்கல்வி இதழ் ‘தாக்கத் தரவரிசை’யைத் தொடங்கியது. இரண்டுமே விண்ணப்பதாரியே தனக்கான சாட்சியைப் பொறுக்கி அனுப்பும் வழக்கு.

அப்படி நம்புகிறவர்கள் இலங்கையின் புத்தளம் மாவட்டத்தில் வண்ணாத்திவில்லுப் பக்கம் வந்து பார்க்கட்டும். கலா ஓயா புத்தளம் களப்பில் விழும் கங்கேவாடியில் ஆற்றோரக் கண்டல்காடு அடர்ந்து நிற்கிறது. அதற்கு யாரும் விழா எடுத்து நாடா வெட்டவில்லை.

விழா எடுத்து நட்டவற்றின் கதி வேறு. 2004 சுனாமிக்குப் பின் தீவின் கரையெங்கும் கண்டல் நடும் வேகம் கூடியது. நட்டவை என்னவாயின என்று ருகுணைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெல்ஜிய ஆய்வாளர்களோடு சேர்ந்து தேடிப் போனார்கள். 2017இல் முடிவு வெளிவந்தது. பார்த்த 23 இடங்களில் 9இல் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் தேறியது 200 முதல் 220 வரைதான். பாதிக்கு மேல் பிழைத்தவை கல்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு என்ற மூன்றே இடங்கள். பொருந்தாத நிலத்தில் நட்டார்கள், மாடு மிதித்தது, மேய்ந்தது, பாசி மூடியது. பின்பராமரிப்பு இருந்த இடத்தில்தான் செடி நின்றது.

என்னைக் கேட்டால், அந்தக் கணக்கெடுப்புத்தான் உண்மையான சமூகப் பணி.

“பாராட்டில்லாமல் எந்த விரிவுரையாளர் சேற்றில் இறங்குவார்?” என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைதான் பெரிதும் எண்ணப்படுகிறது. ஆனால் பாராட்டு போய்ச் சேர்வது நடும் நாளுக்கு. படமும் வருகைப் பதிவும் அன்றே கிடைத்துவிடும். மாடு விரட்டும் வருடங்களுக்கு விண்ணப்பத்தின் இறுதித் திகதி காத்திருக்காது.

இதே வண்ணாத்திவில்லுப் பிரிவில்தான் அறுவக்காடும் இருக்கிறது. 2017 ஏப்ரலில் கொழும்பை அடுத்த மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 32 பேர் மாண்டபின், கொழும்புக் குப்பையை இங்குள்ள சுண்ணக்கல் அகழ்விடத்துக்குக் கொண்டுவரும் திட்டம் வேகம் பிடித்தது. புத்தளம் மக்கள் வீதிக்கு வந்தார்கள். கிணற்று நீரைச் சோதித்துச் சொல்லவும், சூழல் அறிக்கையைத் தமிழிலும் சிங்களத்திலும் விளக்கவும் அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. அரசுப் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகத்துக்கு அந்த வேலை சங்கடம்தான் தரும், கேடயம் தராது.

அங்கீகாரம் கொடுத்தே ஆகவேண்டுமென்றால் ஐந்து வருடம் கழித்துக் கொடுங்கள். செடியைக் களப்பு மீனவர் எண்ணட்டும். நடுவர் அந்த மீனவரின் படகில் ஓர் ஓரமாக உட்கார்ந்து வரட்டும்.