தீவகத்திற்கு ஏற்ற இயன்மருத்துவக் கல்வி

பனையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த சீவல் தொழிலாளிக்கும், பாரிசவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்த கமக்காரருக்கும் உயிர் தப்பினால் மட்டும் போதுமா? உயிரைக் காப்பது வைத்தியர் பணி. காத்த உயிரை மீண்டும் நடக்கவும் உழைக்கவும் பழக்குவது இயன்மருத்துவர் பணி. பின்னது கிட்டாதவர் பாயோடு கிடக்கிறார். அவரைப் பராமரிக்க மற்றொருவர் வீட்டோடு தங்குவதால், அக்குடும்பம் இரண்டு உழைப்பாளரை இழக்கிறது.

இப்பயிற்சி ஒரு நாளில் முடிவதன்று. பல மாதங்கள் தொடர வேண்டுவது. நெடுந்தீவு நோயாளர் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையை அடையக் குறிகட்டுவான் வரை படகும், அப்பால் பேருந்தும் ஏற வேண்டும். காற்றுக் கடுமையாகும் நாட்களிற் படகும் ஓடாது. நடக்க இயலாதவரை, நடை பழகுவதற்கு இவ்வழியே வாரந்தோறும் வருக என்பது நீதியாகுமா?

ஆளணியைக் கூட்டுக என்று கேட்டால் மட்டும் போதாது. கல்விமுறையும் மாற வேண்டும். கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் இயன்மருத்துவப் பட்டப்படிப்பு உண்டு, போதனாமொழி ஆங்கிலம். பெரிய வைத்தியசாலையின் சமதரையில், மின்கருவிகளின் நடுவே பயின்றவர், கிணற்றடியிலும் மணல் முற்றத்திலும் நோயாளரைப் பழக்கும் முறையை எங்கே கற்பார்? அதை வீட்டாருக்கு விளங்கவைக்கத் தமிழ் வேண்டாமா?

தமிழிற் கற்பித்தால் தரம் குன்றும் என்பார்க்கு மானிப்பாய் மறுமொழி கூறும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மேலைநாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மாணவருக்கு வைத்தியம் கற்பித்தார். அறுவை வைத்தியத்தைத் தமிழிற் கற்ற மண்ணில், மூட்டுகளை இயக்கும் முறையைக் கற்க இயலாதா?

சட்டமும் எம் பக்கமே நிற்கிறது. இயலாமையுடையோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்தது. அதன் 26ஆம் உறுப்புரை, புனர்வாழ்வுச் சேவைகள் நாட்டுப்புறங்கள் உட்பட மக்களின் சொந்த ஊர்களுக்கு இயன்றவரை அண்மையிற் கிடைத்தல் வேண்டும் என்கிறது. சேவையாளரின் ஆரம்பப் பயிற்சியையும் தொடர் பயிற்சியையும் வளர்க்கும் பொறுப்பை அரசின்மீது சுமத்துகிறது. ஆகவே நாம் கேட்பது சலுகையன்று. அரசு ஒப்புக்கொண்ட கடமை.

வேண்டுவன மூன்று. மாணவரின் களப்பயிற்சியில் ஒரு பகுதி ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு ஆகிய இடங்களில் ஆசிரியர் மேற்பார்வையில் நடைபெறுக. தமிழிற் பாடநூல்களும் வீட்டாருக்கான கைந்நூல்களும் ஆக்கப்படுக. தீவகப் பிள்ளைகளுக்கு உதவிப்பணம் வழங்கி, பயின்றபின் சில ஆண்டுகள் சொந்த ஊரிற் பணியாற்ற உடன்படிக்கை செய்யப்படுக.

வெளியூர்களில் உத்தியோகம் பார்க்கும் தீவக அன்பர்களும், ஊரிற் கமஞ்செய்யும் பெருமக்களும் ஒன்றுகூடி, இக்கோரிக்கையைச் சுகாதார அமைச்சிடமும் பல்கலைக்கழகங்களிடமும் எழுத்தில் வைப்பார்களாக. கேளாமல் எதுவும் கடல் கடந்து வாராது.